அடை கலைக்கும் ஊரில் ஓர் அடை வாத்து

பெங்களூரு டெய்ரி சர்க்கிளில் இறங்கி ஓசூர் சாலையோரமாக அடுகோடிப் பக்கம் நடந்தால், வண்டி இரைச்சலுக்கு நடுவே மரம் அடர்ந்த பெரிய வளாகம் ஒன்று வரும். 1923-ல் வெள்ளைக்கார அரசு கால்நடை வளர்ப்புக்கும் பால்பண்ணைக்கும் நிறுவனம் தொடங்கிய இடம். 1927-ல் காந்தி இங்கே வந்து மாடு வளர்ப்பு பற்றிக் கேட்டுத் தெரிந்துகொண்டார். அதே அடுகோடியில்தான் 1995 முதல் தேசியக் கால்நடை ஊட்டச்சத்து, உடலியங்கியல் நிறுவனமும் இருக்கிறது. அங்கே ஆராய்ந்த விஷயங்களில் ஒன்று, நம் பாட்டிமார் கொல்லைப்புறத்தில் மல்லுக்கட்டிய அதே விஷயம்: கோழி அடைக்குப் படுக்காமல் இருக்க என்ன வழி?

அடைக்குப் படுத்த கோழி முட்டை இடாது. புரோலாக்டின் என்ற ஹார்மோன் செய்யும் வேலை அது. வயிற்றுத் தோலில் முட்டையின் ஸ்பரிசம் படப் பட அது இரத்தத்தில் ஏறும். ஏறினால் சூலகம் சுருங்கும். 2000-களின் தொடக்கத்தில் இந்த நிறுவனத்தின் ஆய்வாளர்கள் புரோமோகிரிப்டின் என்ற மருந்தால் புரோலாக்டினைக் குறைத்துப் பார்த்தார்கள். கோழி முட்டையிடாமல் விடும் இடைநாட்கள் குறைந்தன, முட்டை கூடியது. மருந்து இல்லாத காலத்தில் அடைக்கோழியைத் தண்ணீரில் முக்கி எடுப்பார்கள், மூக்கில் இறகைச் செருகி விடுவார்கள். பாவம்தான், ஆனால் அடை கலையும்.

கூஸ் வாத்து வளர்ப்பவரின் கவலை நேர் எதிர். நம் பக்கத்துத் தோட்டங்களிலும் பண்ணை வீடுகளிலும் காவலுக்கு நிற்கும் இந்தப் பெரிய வாத்து, கோழியைப் போல ஆண்டு முழுக்க முட்டையிடாது. பருவத்துக்குச் சில ஈடு, அவ்வளவுதான். முட்டையை மிஷினில் வைத்துப் பொரிக்கவும் பக்குவம் வேண்டும்: தினமும் சற்று ஆறவிட வேண்டும், தண்ணீர் தெளிக்க வேண்டும். பெட்டைக்கு இதை யாரும் சொல்லித் தருவதில்லை. தன் நெஞ்சுத் தூவியைப் பிடுங்கி முட்டையை மூடிவிட்டு எழுந்து போகும். மேய்ந்து, குளித்து, ஈரத்தோடு வந்து உட்காரும். அப்படி 28 முதல் 32 நாள்வரை. ஆகவே ஒரு பெட்டை தானாக அடையில் படுத்தால் கும்பிட்டு வரவேற்க வேண்டியதுதான்.

சிக்கல், அது கூட்டத்தின் நடுவில் படுப்பது. அடை வாத்தின் கூட்டைப் பார்த்ததும் மற்றப் பெட்டைகளுக்கும் அங்கேயே முட்டையிடத் தோன்றும். அது மேயப் போன நேரத்தில் ஒன்று வந்து இட்டுவிட்டுப் போகும். சில சமயம் இரண்டு பெட்டைகள் ஒரே கூட்டில் நெருக்கியடித்து முட்டையை உடைக்கும். புது முட்டை சேர்ந்தால் பொரிப்பும் கோணலாகும். முதல் குஞ்சுகள் நடக்கத் தொடங்கியதும் தாய் அவற்றோடு எழுந்து போய்விடும், பிந்திய முட்டைக்குள் இருக்கும் உயிர் ஆறிப் போகும். அடை வைத்த நாளில் முட்டைக்கெல்லாம் பென்சிலால் கோடு போட்டு வைப்பதே மருந்து. கோடு இல்லாததை அன்றன்றே எடுத்துவிடலாம். பத்தாம் நாள் இருட்டில் டார்ச் அடித்துப் பார்த்தால் இரத்த நாளம் ஓடாத கூமுட்டை தெரிந்துவிடும்.

கூட்டத்தோடு சண்டை வரும் என்று பயந்து பலர் அடை வாத்தைத் தனி அறையில் பூட்டுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஒரு மாதம் கண்ணில் படாத பெட்டை திரும்பி வந்தால் கூட்டத்துக்கு அது அந்நியம்தான். தன் இடத்தைக் கொத்து வாங்கித்தான் மீட்க வேண்டும். வலை கட்டித் தடுத்தால் போதும். பார்வையும் குரலும் அறுபடக் கூடாது. அதன் ஆணை மட்டும் கூட்டுப் பக்கம் விட்டு வைக்கலாம். ஆண் அடையில் உட்காராது, ஆனால் நாய், கீரி, ஏன், தீனி வைக்கப் போகும் நம்மையும்கூட அண்ட விடாது. பெங்களூரு வானத்தில் வட்டமிடும் கரும்பருந்துக்கு முன்னால் அந்த முரட்டுத்தனம் வேண்டியதுதான்.

மிஷினில் பொரித்த குஞ்சுகளையும் இதே தாயிடம் சேர்க்கலாம். முதல் இரண்டு நாளுக்குள், இரவில், ஓசைப்படாமல் இறக்கைக்கு அடியில் நுழைத்துவிட வேண்டும். தாமதித்தால் குஞ்சு நம்மைத் தாய் என்று எண்ணிக்கொள்ளும். இதையே ஓர் ஆராய்ச்சிக்குப் பயன்படுத்தினார் ஜெசிகா மெய்ர் என்ற ஆய்வாளர். வரித்தலை வாத்துக் குஞ்சுகளை முட்டையிலிருந்து வந்ததுமே தன்னோடு பழக்கினார்; அவர் ஸ்கூட்டரில் போக, அவை பக்கத்தில் பறந்து பழகின. உயரத்தில் காற்று மெலிந்தாலும் எப்படிப் பறக்கின்றன என்று அறியத்தான் அத்தனை பாடும். அதே மெய்ர் 2019-ல் விண்வெளி வீராங்கனையாக, பெண்கள் மட்டுமே பங்கேற்ற முதல் விண்நடையில் இருந்தார். இமயத்தைத் தாண்டிக் கூந்தன்குளத்துக்கும் கர்நாடக ஏரிகளுக்கும் குளிர்காலத்தில் வருவது அந்த வரித்தலை வாத்துதான். பழைய இலக்கியத்தின் அன்னம் இதுவே என்று டச்சு அறிஞர் வோகல் 1962-ல் தனி நூலே எழுதினார். ஆடி அசைந்து நடக்கும் வாத்தைப் பார்த்த பிறகு அன்னநடை என்ற புகழ்ச்சியைக் கொஞ்சம் யோசித்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

கொல்லையில் மனிதரோடு ஒட்டி வளர்ந்த ஆண் குஞ்சுக்கு மெய்ர் வளர்த்த குஞ்சுகளின் புகழ் வாய்க்காது. பெரிதானால் அதற்கு நம்மிடம் பயம் இருக்காது, காலைத்தான் கடிக்கும்.

தீனியில் ஓர் எச்சரிக்கை. கடையில் கிடைக்கும் கோழிக்குஞ்சுத் தீவனம் வாத்துக் குஞ்சுக்கு அப்படியே போதாது. நியாசின் இவற்றுக்கு அதிகம் வேண்டும்; குறைந்தால் கால் வளைந்து நடக்க முடியாமல் போகும். ஈஸ்ட் கலந்து கொடுக்கலாம். மருந்து சேர்த்த தீவனத்தை வாங்கக் கூடாது: வாத்து கோழியைவிட நிறையத் தின்னும், மருந்தும் அந்த அளவுக்கு உள்ளே போகும். மற்றபடி புல்தான் உணவு. பொரித்த மறுநாளே தாய் பின்னால் போய் இளம்புல்லைக் கிள்ளத் தொடங்கிவிடும். ரசாயனம் தெளித்த புல்வெளியாக இல்லாமல் பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு.

குஞ்சுகள் வெளியே வந்து ஓரிரு நாள் கழித்து வலையை எடுக்கலாம், ஆனால் பொழுதோடு, நாம் கூட நிற்கும் நேரத்தில். மற்ற ஆண்கள் தலையைத் தாழ்த்திச் சீறி வரும்; குடும்பத்து ஆண் முன்னே போய் மோதும். பெரும்பாலும் சில நிமிடங்களில் அடங்கிவிடும். குட்டையின் கரை செங்குத்தாக இருந்தால் ஒரு பலகையைச் சாய்த்து வைக்க வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீரில் இறங்கிய குஞ்சு ஏற முடியாமல் நனைந்து விறைத்துப் போகும். தாயும் குஞ்சுகளும் கிளம்பிய பிறகு கூட்டில் மிச்சமிருக்கும் முட்டையைக் குப்பையில் போடும் முன் ஒருமுறை காதருகே வைத்துக் கேட்கலாம். உள்ளிருந்து தட்டும் ஓசை வந்தால், அன்றிரவு அதை மீண்டும் தாயின் அடியிலேயே வைக்கலாம்.