கொற்கையை விட்டுக் கடல் விலகியது ஏன்?

தூத்துக்குடி மாவட்டத்தில் வயல்கள் சூழ்ந்த சிற்றூர் கொற்கை. பண்டைப் பாண்டியரின் தலைநகராகவும் முத்துத் துறைமுகமாகவும் அது விளங்கியது என்றால் நம்புவீர்களா? 1968-69-இல் அங்கு அகழ்ந்தெடுத்த கரித்துண்டின் காலம் கதிரியக்கக் கார்பன் முறைப்படி சுமார் கி.மு. 785 எனக் கணிக்கப்பட்டது. ஆனால் இன்று கடலோ சுமார் 6 கி.மீ. தள்ளியிருக்கிறது!

காரணம் தாமிரபரணியே. விரைந்தோடும் நீர் வண்டலைச் சுமந்து வரும். கடலைத் தொட்டதும் வேகம் குறைந்து சுமையை இறக்கிவிடும். இவ்வாறு நூற்றாண்டுக் கணக்கில் வண்டல் படியவே, கரை கிழக்கே நகர்ந்தது. வணிகமும் கடலைத் தொடர்ந்து காயலுக்குப் பெயர்ந்தது. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ புகழ்ந்த துறைமுகம் அது. அதையும் வண்டல் விடவில்லை; இன்று அது பழையகாயல் என்னும் சிற்றூர்.

வயலுக்கு வளமூட்டும் அதே வண்டல்தான் துறைமுகங்களைத் தூர்த்தது.