குருதி கூறும் செய்தி

அரக்கோணத்தை அடுத்த திருத்தணி மலைக்கோவிலுக்கு 365 படிகள் என்பர். அவற்றில் விரைந்து ஏறுவோர்க்குப் பாதி வழியிலேயே மூச்சு வாங்கும். உயிர்வளி போதாமையே அதற்குக் காரணம் எனப் பலரும் கருதுவர். உழைக்கும் தசைகளில் உண்டாகும் கரியமில வாயுவை வெளியேற்றுவதும் அம்மூச்சின் முதன்மையான பணியாகும். கரியமில வாயு நீருடன் சேர்ந்து கார்பானிக் அமிலமாக மாறும். அது தேங்கினால் குருதியில் அமிலத்தன்மை மிகும்.

சமநிலையும் காவலும்

நலமுள்ளவரின் தமனிக் குருதியில் பி.எச். மதிப்பு 7.35 முதல் 7.45 வரை இருக்கும். அதாவது, குருதி சற்றே காரத்தன்மை உடையது. இம்மதிப்பு 7.4இலிருந்து 7.1ஆகக் குறைந்தால் ஹைட்ரஜன் அயனிகளின் செறிவு இருமடங்காகிவிடும். இதயத்துடிப்பு முதல் நொதிகளின் செயல் வரை அனைத்தும் தடுமாறும்.

இச்சமநிலையைக் காப்பவை மூன்று. குருதியிலுள்ள பைகார்பனேட் போன்ற தாங்கல் பொருள்கள் அமிலத்தை உடனே ஏற்றுக்கொள்கின்றன. நுரையீரல் சில நிமிடங்களில் கரியமில வாயுவைக் கூட்டியோ குறைத்தோ வெளியேற்றுகிறது. சிறுநீரகம் பல மணி நேரம் முதல் சில நாள்கள் வரை உழைத்துப் பைகார்பனேட்டின் அளவைச் சீர்செய்கிறது. ஓர் உறுப்பு தவறினால் மற்றொன்று ஈடுசெய்ய முயலும்.

ஆய்வும் அறியும் முறையும்

நாடி பார்க்கும் மணிக்கட்டுத் தமனியிலிருந்து, உறைதலைத் தடுக்கும் ஹெப்பாரின் தடவிய ஊசிக்குழலில் குருதி எடுக்கப்படுகிறது. காற்றுக்குமிழி கலந்தாலோ காலம் தாழ்ந்தாலோ அளவுகள் பிழைபடும். எடுத்த பின்னரும் குருதியணுக்கள் இயங்கிக்கொண்டே இருக்கும்.

முதலில் பி.எச். மதிப்பைக் காண வேண்டும். அடுத்து, நுரையீரலின் நிலையைக் காட்டும் கரியமில வாயுவின் அழுத்தத்தைக் காண வேண்டும்; அது 35 முதல் 45 மில்லிமீட்டர் பாதரச அளவில் இருத்தல் இயல்பு. பின்னர் பைகார்பனேட்டைக் காண வேண்டும். அதன் இயல்பளவு லிட்டருக்கு 22 முதல் 26 மில்லிமோல்.

நீரிழிவு முற்றிய ஒருவர் ஆழ்ந்து விரைந்து மூச்சுவிடுகிறார் எனக் கொள்வோம். பி.எச். 7.23, கரியமில வாயு 22, பைகார்பனேட் 9 என அறிக்கை கூறுகிறது. பி.எச். குறைவு அமில மிகையைக் காட்டுகிறது. கரியமில வாயு குறைந்திருப்பதால் அதற்கு நுரையீரல் காரணமன்று. கீட்டோன் அமிலங்கள் பைகார்பனேட்டைத் தீர்த்துவிட, நுரையீரல் அதனை ஈடுசெய்யப் போராடுகிறது. இவருக்கு முதன்மையாக வேண்டியவை இன்சுலினும் நீரூட்டமும் ஆகும். மூச்சுநோய் என மயங்கினால் உயிருக்கே இடர் நேரும்.

ஒற்றை அளவு தந்த மயக்கம்

1952இல் டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரில் இளம்பிள்ளைவாதம் பரவியது. மூச்சுத்தசைகள் செயலிழந்தோர் பலர் இறந்தனர். அவர்தம் குருதியில் பைகார்பனேட் மிகுந்திருந்தது கண்டு, மருத்துவர்கள் அதனைக் கார மிகை எனக் கருதினர். மயக்கவியல் மருத்துவரான பியோர்ன் இப்சன் அக்கருத்தை மறுத்தார். வெளியேறாத கரியமில வாயுவே குருதியை அமிலமாக்கிக் கொல்கிறது என்றார். ஆகஸ்டு 27 அன்று 12 வயதுச் சிறுமி ஒருத்தியின் மூச்சுக்குழலில் குழாய் செருகி, ரப்பர்ப் பையைக் கையால் அழுத்திக் காற்றூட்டினார். அவள் பிழைத்தாள். மருத்துவ மாணவர்கள் முறைவைத்து இரவும் பகலும் பைகளை அழுத்த, இறப்பு பெரிதும் குறைந்தது. பவுல் ஆஸ்ட்ரப்பின் பி.எச். அளவீடுகள் இப்சனின் கருத்தை உறுதிசெய்தன.

பைகார்பனேட் ஒன்றை மட்டும் நோக்கியவர்கள் நோயைத் தலைகீழாக உணர்ந்தனர். மூன்றையும் சேர்த்து நோக்கியபோது உண்மை தெளிந்தது. இன்று தீவிர மருத்துவப் பிரிவுகளில் அம்மூன்று அளவுகளும் சில நிமிடங்களில் கிடைக்கின்றன. அவற்றை ஒன்றோடொன்றும், நோயாளியின் நிலையோடும் பொருத்திப் பார்க்கும் அறிவே உயிரைக் காக்கிறது.