கல்லூரி அசைன்மென்ட்டில் சாட்ஜிபிடி: மாணவர் மீது ஐயம் எழுந்தால் விதிகள் சொல்வது என்ன?

பெங்களூரு: பெங்களூருவில் உள்ள ஆர்.வி. பல்கலைக்கழகம், 2023 ஜனவரியில் தனது வளாகத்தில் சாட்ஜிபிடி பயன்பாட்டுக்குத் தடை விதித்தது. கிட்ஹப் கோபைலட் போன்ற நிரல் எழுதும் கருவிகளும் ஆய்வக வகுப்புகளில் தடை செய்யப்பட்டன. மாணவர் அளித்த பணி அவருடையதுதானா என்ற ஐயம் எழுந்தால், அதை மீண்டும் செய்யுமாறு பணிக்கப்படுவார் என்றும் அறிவிக்கப்பட்டது.

கருத்துத் திருட்டைத் தடுக்க நாடு முழுமைக்குமான விதிமுறைகள் இருக்கும்போது, ஒரு பல்கலைக்கழகம் தனியே விதி வகுக்க நேர்ந்தது ஏன்?

பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2018-இல் வெளியிட்ட விதிமுறைகளின்படி, ஆய்வேட்டில் பிற நூல்களுடனான ஒப்புமை 10 சதவீதம் வரை இருந்தால் தண்டனை இல்லை. 10 முதல் 40 சதவீதம் எனில் ஆறு மாதங்களுக்குள் திருத்திச் சமர்ப்பிக்க வேண்டும். 60 சதவீதத்தைத் தாண்டினால் பதிவே ரத்தாகும். குற்றம் ஐயமற நிறுவப்பட்டு, தன் தரப்பை விளக்கப் போதிய வாய்ப்பு தரப்பட்ட பின்னரே தண்டனை விதிக்க முடியும்.

இந்தப் பாதுகாப்பு முதுநிலை, ஆய்வுப் பட்டங்களுக்கான ஆய்வேடுகளுக்கும் வெளியீடுகளுக்குமே உரியது. அசைன்மென்ட், பருவக் கட்டுரை, செயல்திட்ட அறிக்கை, விடைத்தாள் ஆகியவற்றை அதே விதிமுறைகள் வெளிப்படையாகவே விலக்கியுள்ளன. எனவே, இளநிலை மாணவரின் நிலை பெரும்பாலும் கல்லூரியின் சொந்த விதிகளையும் ஆசிரியரின் முடிவையும் பொறுத்தது.

ஒப்புமையை அளக்கும் மென்பொருளும் இங்கு அதிகம் உதவாது. சாட்ஜிபிடி ஒவ்வொரு முறையும் புதிதாகத் தொடர்களை அமைப்பதால், ஒப்பிட்டுப் பார்க்க மூல நூல் இருப்பதில்லை. செயற்கை நுண்ணறிவு எழுத்தைக் கண்டறிவதற்கென ஓபன்ஏஐ நிறுவனம் 2023 ஜனவரியில் வெளியிட்ட கருவி, துல்லியம் குறைவு என்ற காரணத்தால் அதே ஆண்டு ஜூலையில் திரும்பப் பெறப்பட்டது.

தமிழ்வழியில் பயின்று கல்லூரிக்கு வருவோர் கவனிக்க வேண்டிய தகவல் ஒன்று உண்டு. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டிராதவர்கள் டோஃபல் தேர்வுக்கு எழுதிய 91 கட்டுரைகளை, ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2023-இல் ஏழு கண்டறி கருவிகளில் சோதித்தனர். சராசரியாக 61 சதவீதக் கட்டுரைகளை இயந்திரம் எழுதியதாக அக்கருவிகள் தவறாகக் கணித்தன. எளிய சொற்களும் பழகிய தொடரமைப்புமே இதற்குக் காரணம். வகுப்பில் கற்றுக்கொடுத்தபடி எழுதியவரே அகப்பட்டுக்கொள்கிறார் என்பதுதான் இதில் வேடிக்கை.

இவ்வகையில், மீண்டும் செய்யச் சொல்வது மதிப்பெண்ணைப் பறிப்பதைவிட நியாயமான வழி. தான் எழுதிய நிரலை வரிவரியாக விளக்கவோ, ஆசிரியர் முன்னிலையில் ஒரு பத்தி எழுதிக் காட்டவோ உண்மையாக உழைத்த மாணவரால் இயலும். ஆனால், அறுபது பேர் கொண்ட வகுப்பில் இதற்கான நேரத்தை ஆசிரியர் எங்கிருந்து எடுப்பார் என்பதற்கு எந்தச் சுற்றறிக்கையிலும் விடை இல்லை. அதுவரை, கைக்குறிப்புகளையும் முந்தைய வரைவுகளையும் தேதியுடன் பாதுகாத்து வைப்பதே மாணவருக்கு எளிதில் கிடைக்கக்கூடிய சான்று.