பிலிப்பைன்ஸ் நாட்டுப்புற நடனங்களைக் குழந்தைகளுக்குக் கற்பித்தல்: அசைவும் விழுமியமும்

ஆய்வுச்சுருக்கம்

பிலிப்பைன்ஸ் பள்ளிகளில் நாட்டுப்புற நடனங்கள் உடற்கல்வியின் ஒரு பகுதியாகக் கற்பிக்கப்படுகின்றன. அந்நடனங்களில் விழுமியங்கள் எவ்வாறு பொதிந்துள்ளன, கற்பிக்கும் முறை அவற்றை எங்குக் காக்கிறது, எங்கு இழக்கிறது என்பதனை டினிக்லிங், மக்லாலாதிக், சிங்கில் ஆகிய மூன்று நடனங்களின் வழி இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: பிலிப்பைன்ஸ், நாட்டுப்புற நடனம், உடற்கல்வி, விழுமியக் கல்வி, டினிக்லிங்

முன்னுரை

பிலிப்பைன்ஸ் நாட்டுப்புற நடனங்கள் வகுப்பறைக்கு வந்ததில் பிரான்சிஸ்கா ரெய்ஸ் அக்கினோவின் (1899-1983) பங்கு முதன்மையானது. 1920களில் இவர் ஊர் ஊராகச் சென்று நடனங்களைத் திரட்டினார். அத்தொகுப்பே பிலிப்பைன்ஸ் பல்கலைக்கழகத்தில் இவரது முதுநிலை ஆய்வேடாக அமைந்தது. 1973ஆம் ஆண்டு இவர் நடனத்திற்கான தேசியக் கலைஞராக அறிவிக்கப்பட்டார்.

நடனம் வழங்கும் ஊர், உடை, இசை, ஆடுவோர் நிற்கும் அமைப்பு, எண்ணிக்கைவாரியான அசைவுகள் என்ற முறையில் இவருடைய நூல்கள் நடனங்களைப் பதிவுசெய்தன. இதனால் ஒரு நடனத்தை நேரில் கண்டிராத ஆசிரியரும் அதனைக் கற்பிக்க இயன்றது. எனினும், திருவிழாவில் மூத்தோரைக் கண்டு பழகிய கலை, எண்ணிக்கைப் பாடமாக மாறும்போது அதன் சூழல் விடுபட்டுப்போகும் வாய்ப்பும் உருவாயிற்று. ஆசிரியர் எதிர்கொள்ளும் அடிப்படைச் சிக்கல் இதுவேயாகும்.

டினிக்லிங்: ஒத்திசைவின் பாடம்

டினிக்லிங் லெய்டே தீவுடன் தொடர்புடையது. டிக்லிங் என்னும் கானாங்கோழி இனப் பறவை, உழவர் வைக்கும் மூங்கில் பொறிகளுக்கு இடையே தப்பித் தாவிச் செல்வதனை இந்நடனம் போலச் செய்கிறது. இருவர் எதிரெதிரே அமர்ந்து இரு மூங்கில் கழிகளைத் தட்டியும் மோதியும் தாளமிட, ஆடுவோர் அவற்றினிடையே கால்வைத்து ஆடுகின்றனர்.

ஆடுபவரின் கணுக்கால் கழி பிடிப்பவரின் தாள ஒழுங்கை நம்பியே உள்ளது. தாளம் தவறினால் அடிபடுவது பிறர் என்பதனைக் கழி பிடிக்கும் குழந்தை உணர்கிறது. ஆகவே பிறர்க்குப் பொறுப்பேற்றல் என்னும் விழுமியம் நடனத்தின் அமைப்பிலேயே உள்ளது. தரையில் வரைந்த கோடுகளில் தொடங்கி, அசையாக் கழிகள், மெதுவாக அசையும் கழிகள் எனப் படிப்படியாகக் கற்பித்தல் அச்சத்தைக் குறைக்கும். எல்லாக் குழந்தைகளும் இரு பணிகளையும் மாறிமாறி ஏற்றால்தான் இவ்விழுமியம் முழுமையாகச் சென்றடையும். திறமை மிக்கோர் ஆட, மற்றவர் கழி பிடிக்க என நிலையாகப் பிரித்துவிடின் அது குறைவுறும்.

மக்லாலாதிக்: முழுமையின் தேவை

லகுனா மாகாணத்தின் பின்யான் நகருக்குரிய இந்நடனத்தில் ஆடவர் மார்பிலும் முதுகிலும் தொடையிலும் கட்டிய தேங்காய்ச் சிரட்டைகளைக் கையிலுள்ள சிரட்டைகளால் தட்டி ஆடுவர். தேங்காய்ப்பாலைக் காய்ச்சும்போது கிடைக்கும் 'லாதிக்' என்னும் கசடிற்காக மோரோக்களும் கிறித்தவர்களும் இடும் போரினை இது சித்திரிக்கிறது. நான்கு பகுதிகளுள் முதலிரண்டு போரினையும், பின்னிரண்டு இணக்கத்தினையும் காட்டுகின்றன.

பள்ளி விழாவிற்காக விறுவிறுப்பான போர்ப்பகுதிகளை மட்டும் தெரிந்தெடுத்தால், மோரோ என்போர் பகைவர் என்ற படிமமே குழந்தையின் மனத்தில் எஞ்சும். தெற்கில் 2019இல் பங்சமோரோ முஸ்லிம் தன்னாட்சிப் பகுதி உருவாகியுள்ள நாட்டில், அவ்வகுப்பறையிலேயே முஸ்லிம் குழந்தையும் இருக்கக்கூடும். எனவே சுருக்குதல் என்பது இங்கு நேரம் சார்ந்த முடிவு மட்டுமன்று. விழுமியம் சார்ந்த முடிவுமாகும்.

சிங்கில்: உரியோரை அறிதல்

சிங்கில் லனாவ் ஏரிப் பகுதியில் வாழும் மரனாவ் மக்களின் நடனம். குறுக்காக வைத்த மூங்கில்களினிடையே விசிறி ஏந்திய பெண்கள் ஆடுவர். இந்நடனம் மரனாவ் மக்களின் தாரங்கென் காப்பியத்துடன் இணைத்துப் பேசப்படுகிறது. அக்காப்பியம் 2008இல் யுனெஸ்கோவின் மானுடத்தின் புலனாகாப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. எனினும் 1957இல் தொடங்கப்பட்ட பாயானிஹான் நடனக்குழுவின் மேடை வடிவத்தின் வழியாகவே சிங்கில் பரவலாக அறியப்பட்டது. மேடைக்கென அமைந்த வடிவத்தையே மரபு வடிவமாகக் கற்பித்தால், உரிய மக்களின் குரல் மறைந்துவிடும். 'இது யாருடைய நடனம்? மேடையில் எது மாறியது?' என்னும் வினாக்களைக் குழந்தைகளிடம் எழுப்புதல் இங்குப் பாடத்தின் பகுதியாக வேண்டும்.

முடிவுரை

மேற்கண்டவற்றால், விழுமியத்தைத் தனி அறிவுரையாகச் சேர்ப்பதைவிட நடனத்தின் அமைப்பிலிருந்தே வெளிக்கொணர்தல் பயனுடையது என்பது புலனாகிறது. பணிகளை மாற்றி ஏற்கச் செய்தல், நடனத்தின் கருத்து சிதையாதவாறு பகுதிகளைத் தேர்தல், உரிய சமூகத்தையும் வடிவ மாற்றத்தையும் எடுத்துரைத்தல் ஆகிய மூன்றும் அதற்குத் துணைபுரியும். ஏட்டில் பதிவான அசைவுகளோடு அவற்றின் வாழ்வுச் சூழலையும் சேர்த்து வழங்குவது ஆசிரியரின் கடமையாகிறது.