பை சுமப்பவரின் ஏழு நாள்



'கேடி' என்று சொன்னால் நம் வீடுகளில் உடனே நினைவுக்கு வருவது ஒரு போக்கிரிதான். இன்று நான் பேசப்போகும் கேடி அவரல்லர். கோல்ப் ஆடுகின்றவரின் கோல்கள் நிறைந்த பையைத் தோளில் சுமந்துகொண்டு, திடல் முழுவதும் அவரோடு நடந்து வருகின்றவருக்கும் ஆங்கிலத்தில் கேடி என்றுதான் பெயர். பெயர் ஒன்று, பிழைப்பு வேறு.

"பை தூக்குகிற வேலைதானே? இதில் கேட்டுத் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது?" என்று சிலர் எண்ணலாம். "மரம் வெட்டுகிற வேலைதானே?" என்று நம்மைப் பற்றியும் வெளியார் சொன்னதுண்டு. பட்டையை எவ்வளவு ஆழம் சீவலாம், எங்கே கத்தி பட்டால் மரத்துக்குக் காயம் என்பதெல்லாம் கத்தி பிடித்த கைக்குத்தானே தெரியும்? ஆகவே, பெண்களின் தொழில்முறைக் கோல்ப் போட்டிகளில் பை சுமக்கும் ஒருவரின் ஒரு வாரத்தை இன்று கூடவே நடந்து பார்ப்போம். அவர் செய்யும் வேலை உண்மையில் என்ன? அவருக்குக் கூலி எப்படிக் கணக்காகிறது? இந்த இரண்டு கேள்விகளையும் மனத்தில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

முதலில் ஆட்டத்தைப் பற்றிச் சில சொற்கள். கோல்ப் திடலில் 18 குழிகள் உண்டு. சிறு பந்தைக் கோலால் அடித்து, ஒவ்வொரு குழியிலும் விழச் செய்ய வேண்டும். குறைந்த அடிகளில் முடிப்பவரே வெற்றி பெறுவார். பெரும் போட்டிகள் பெரும்பாலும் வியாழன் முதல் ஞாயிறு வரை நான்கு நாள், மொத்தம் 72 குழிகளுக்கு நடைபெறும். 1950ஆம் ஆண்டு அமெரிக்காவில் 13 பெண்கள் சேர்ந்து எல்.பி.ஜி.ஏ. என்னும் சங்கத்தை அமைத்தார்கள். அந்தச் சங்கத்தின் போட்டிகள் இன்று பல நாடுகளில் நடக்கின்றன. கோலாலம்பூரில் 2010 முதல் 2017 வரை சைம் டார்பி நிறுவனத்தின் பெயரில் ஒரு போட்டி நடந்தது. 2023இல் மேபேங்க் பெயரில் மீண்டும் ஒன்று தொடங்கியது. நம் நாட்டுப் பெண்ணான கெல்லி டான் 2014இல் இந்தப் போட்டிகளில் ஆடும் தகுதியோடு களமிறங்கினார்.

இப்போட்டிகள் நடந்த திடல் இருக்கும் புக்கிட் கியாரா, ஒரு காலத்தில் ரப்பர் தோட்டம். அங்கே பால் வெட்டிய குடும்பங்களை அறிந்தவர்கள் நம்மிடையே இன்றும் இருப்பார்கள். ஆக, நாம் பேசும் மண் நமக்கு அந்நியமான மண் அன்று.

இனி வாரத்தைத் தொடங்குவோம்.

திங்கட்கிழமை பயணநாள். ஞாயிறு மாலை ஓர் ஊரில் ஆட்டம் முடிந்தால், அன்றிரவோ மறுநாளோ அடுத்த ஊருக்குப் புறப்பட வேண்டும். ஆட்டக்காரருக்கு விளம்பரதாரர்கள் இருக்கலாம். கேடியோ தம் விமானச் சீட்டையும் அறை வாடகையையும் சாப்பாட்டையும் பெரும்பாலும் தம் கைப்பணத்திலேயே பார்த்துக்கொள்கிறார். அதனால் இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒரே அறையில் தங்கிச் செலவைக் குறைப்பது அவர்களிடையே பழைய வழக்கம்.

செவ்வாய்க்கிழமை திடலைப் படிக்கும் நாள். பையில்லாமல், ஒரு சிறு புத்தகமும் பென்சிலும் எடுத்துக்கொண்டு 18 குழிகளையும் அவர் நடந்து பார்க்கிறார். எந்த இடத்திலிருந்து எந்த மணற்பள்ளம் எத்தனை கெஜம்? குழியைச் சுற்றியுள்ள குட்டைப்புல் தரை எந்தப் பக்கம் சரிகிறது? புல் எந்தத் திசை நோக்கிச் சாய்ந்து வளர்ந்திருக்கிறது? நம் நாட்டைப் போன்ற வெப்ப நாடுகளில் புல் தடிப்பானது. புல் சாய்ந்த பக்கம் பந்து ஓடும். எதிர்ப்பக்கம் தயங்கி நிற்கும். இவையெல்லாம் அந்தப் புத்தகத்தில் ஏறுகின்றன. எங்கே அடிக்க வேண்டும் என்பதைவிட, எங்கே அடிக்கவே கூடாது என்று குறித்துக்கொள்வது முக்கியமாகும்.

புதன்கிழமை, போட்டிக்குப் பணம் கொடுத்த நிறுவனங்களின் விருந்தினரோடு ஆட்டக்காரர்கள் சேர்ந்து ஆடும் நாள். அன்றும் பை தோளில் ஏறுகிறது. இதுவரை பரிசுப் பணம் என்ற பேச்சே இல்லை. மூன்று நாள் வேலை மட்டும் நடந்திருக்கிறது.

வியாழக்கிழமை போட்டி தொடங்குகிறது. காலை ஏழரைக்கு முதல் அடி என்றால், ஆறு மணிக்கே அவர் அங்கே இருக்க வேண்டும். நமக்குப் பிரட்டுக்குப் போகும் நேரம் போலத்தான். கோல்கள், பந்துகள், கையுறைகள், குடை, மழைச்சட்டை, தண்ணீர், துண்டுகள் எல்லாம் சேர்ந்து பை ஏறத்தாழ 18 கிலோ இருக்கும். அதைச் சுமந்துகொண்டு ஒரு நாளில் எட்டு, பத்துக் கிலோமீட்டர் நடக்க வேண்டும். இது உடல் உழைப்பு.

ஆனால் தொடங்குமுன் அவர் செய்யும் முதல் வேலை, கோல்களை எண்ணுவது! விதிப்படி பையில் 14 கோல்களுக்கு மேல் இருக்கக் கூடாது. 2001ஆம் ஆண்டு இங்கிலாந்தில் நடந்த ஆண்கள் ஓப்பன் போட்டியின் கடைசி நாளில், இயன் ஊஸ்னம் என்ற புகழ்பெற்ற வீரர் முன்னணியில் இருந்தவர்களுள் ஒருவர். முதல் குழியை மிக நன்றாக ஆடினார். இரண்டாம் குழிக்கு வந்தபோதுதான் பையில் 15 கோல்கள் இருப்பது தெரிந்தது. பயிற்சிக்கு எடுத்த ஒரு கோலை வெளியே வைக்கக் கேடி மறந்திருந்தார். இரண்டு அடிகள் தண்டனை. ஊஸ்னம் வெற்றி பெறவில்லை. கேடி தவறினால் தண்டனை ஆட்டக்காரர் கணக்கில் ஏறும் என்பதை இந்த நிகழ்ச்சியால் உலகமே அறிந்துகொண்டது.

ஆட்டத்தின் நடுவே அவர் தலைக்குள் ஓடும் கணக்கைப் பாருங்கள். பந்து கிடக்கும் இடத்திலிருந்து குட்டைப்புல் தரையின் முன்விளிம்பு 140 கெஜம். அன்று காலை கொடுத்த தாளின்படி, கொடி அந்த விளிம்பிலிருந்து 12 கெஜம் உள்ளே நிற்கிறது. ஆக 152. தரை மேட்டில் இருப்பதால் 5 கூட்ட வேண்டும். எதிர்க்காற்றுக்கு 8 கூட்ட வேண்டும். 152 கெஜத்தில் இருக்கும் கொடிக்கு, 165 கெஜம் போகும் கோலை எடுத்துக் கொடுக்க வேண்டும். இதை அரை நிமிடத்துக்குள் சொல்ல வேண்டும். தயங்கிச் சொன்னால் ஆட்டக்காரரின் கையும் தயங்கும்.

கேடிகளுக்குள் ஒரு பழைய வழக்கு உண்டு. நேரத்தோடு வா, கூடவே நட, வாயை மூடு என்பதே அதன் கருத்து. முதல் இரண்டும் சரி. மூன்றாவது முழு உண்மையன்று. பேசக் கூடாத நேரம் நிறைய உண்டு. ஆனால் "அம்மா, இந்தக் கோல் வேண்டாம், தண்ணீரில் விழும்" என்று சொல்லியே ஆக வேண்டிய ஒரு விநாடி ஒவ்வொரு நாளும் வரும். சம்பளம் கொடுப்பவரிடம் மாற்றுக் கருத்தை மரியாதையோடும் துணிவோடும் சொல்ல வேண்டியிருக்கிறது. அவர் கேட்காமல் அடித்துத் தண்ணீரில் விழுந்தால், "நான் அப்போதே சொன்னேனே" என்று சொல்லாமல் அடுத்த அடிக்குக் கணக்குப் போடவும் வேண்டும்.

இன்னொரு மாற்றமும் வந்தது. முன்பெல்லாம் ஆட்டக்காரர் சரியான திசை பார்த்து நிற்கிறாரா என்று கேடி பின்னால் நின்று பார்த்துச் சொல்வார். பெண்கள் போட்டிகளில் இது மிகுதியாக இருந்தது. 2019இல் வந்த புதிய விதி இதைத் தடுத்துவிட்டது. திசையைப் பார்த்து நிற்பது ஆட்டக்காரரின் சொந்தத் திறமையாக இருக்க வேண்டும் என்பதே அதன் காரணம்.

வெள்ளிக்கிழமை மாலை ஒரு பெரிய கண்டம் காத்திருக்கிறது. பல போட்டிகளில் 36 குழிகள் முடிந்தவுடன், பின்தங்கிய பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அவர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயரைத் தமிழில் சொன்னால் 'வெட்டு' என்றுதான் சொல்ல வேண்டும். நம் வெட்டில் பால் வரும். அந்த வெட்டில் வருமானம் நிற்கும். வெட்டுப்பட்ட ஆட்டக்காரருக்குப் பெரும்பாலும் பரிசுப் பணம் இல்லை. கேடிக்கோ பேசிக்கொண்ட வார அடிப்படைத் தொகை மட்டுமே. அதிலேதான் அடுத்த ஊருக்கு விமானச் சீட்டும் வாங்க வேண்டும். ஆசியாவில் நடக்கும் சில போட்டிகளில் ஆட்டக்காரர் தொகை குறைவாதலால் இந்த வெட்டு இருப்பதில்லை.

சனி, ஞாயிறு தங்கியவர்களுக்குப் பங்கு உண்டு. வெற்றி பெற்றால் பரிசுத் தொகையில் 10 விழுக்காடு, முதல் பத்து இடங்களுக்குள் வந்தால் 7 அல்லது 8, அதற்கும் கீழே 5 என்பது பரவலான வழக்கம். இது சட்டமன்று, ஆட்டக்காரரும் கேடியும் பேசிக்கொள்வது. பல நேரங்களில் எழுத்தில்கூட இருப்பதில்லை.

2023ஆம் ஆண்டு கோலாலம்பூர்ப் போட்டியை எடுத்துக்கொள்வோம். நான்கு நாள் ஆடியும் பிரான்சின் செலின் பூட்டியேயும் தாய்லாந்தின் அத்தயா திதிக்குல்லும் சமமாக நின்றார்கள். வெற்றியைத் தீர்மானிக்கக் கூடுதலாக ஒன்பது குழிகள் ஆட வேண்டியதாயிற்று! அன்று இரண்டு கேடிகளும் 18க்குப் பதில் 27 குழிகள் பை சுமந்தார்கள். ஒன்பதாவது கூடுதல் குழியில் பூட்டியே வென்றார். முதல் பரிசு 450,000 அமெரிக்க டாலர். வழக்கமான கணக்குப்படி 10 விழுக்காடு என்றால் 45,000 டாலர். தோற்றவர் பக்கத்துப் பையும் அதே எடைதான், அதே தூரம்தான். ஓர் அடியில் கூலி மாறிவிட்டது.

பெண்கள் போட்டியில் பை சுமப்பவருக்கு இன்னொரு குறையும் உண்டு. 2023இல் அமெரிக்க ஓப்பன் ஆண்கள் போட்டியின் மொத்தப் பரிசு 20 மில்லியன் டாலர், வென்றவருக்கு 3.6 மில்லியன். பெண்கள் போட்டியின் மொத்தப் பரிசு 11 மில்லியன். வென்றவருக்கு 2 மில்லியன். 10 விழுக்காடு கணக்கிட்டால் ஒரு கேடிக்கு 360,000, மற்றவருக்கு 200,000. பெண்ணின் உழைப்புக்கு விலை குறைந்தால், அவள் பக்கத்தில் நிற்பவர் ஆணாயினும் பெண்ணாயினும் அவருடைய கூலியும் குறைகிறது. பெண்ணின் சம்பளம் பெண்ணின் சிக்கல் மட்டுமன்று என்பதற்கு இதைவிடத் தெளிவான கணக்கு வேண்டுமா?

முதல் பரிசைக் கேட்டு மலைத்துவிடாதீர்கள். வாரந்தோறும் வெல்பவர் ஒருவர்தான். மற்றவர்கள் மழைநாளில் வெட்டில்லாமல் லயத்தில் உட்கார்ந்திருப்பவரின் கவலையை நன்கு அறிந்தவர்கள். ஆட்டக்காரருக்குத் தோளில் வலி வந்து ஓய்வெடுத்தால் கேடிக்கு வேலை இல்லை. ஆட்டக்காரர் வேறொருவரைத் தேடிக்கொண்டாலும் வேலை இல்லை. கேடி எந்த நிறுவனத்தின் ஊழியரும் அல்லர்; தாமே தமக்கு முதலாளி என்பது சட்டத்தின் கணக்கு.

இந்தத் தொழிலிலிருந்து ஒரு நல்ல செய்தியும் உண்டு. அமெரிக்காவில் சிக் எவன்ஸ் என்பவர் சிறுவயதில் கேடியாகப் பை சுமந்தவர். 1916இல் நாட்டின் இரண்டு பெரிய போட்டிகளையும் ஒரே ஆண்டில் வென்றார். பணத்துக்கு ஆடுவதில்லை என்ற உறுதியோடு இருந்ததால், தம் புகழால் வந்த தொகையைத் தாம் எடுத்துக்கொள்ளவில்லை. தாயாரின் யோசனைப்படி, கேடிகளாக வேலை செய்யும் ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்கு ஒதுக்கினார். 1930இல் இரண்டு மாணவர்களோடு தொடங்கிய அந்த உபகாரச் சம்பளத்தால், இதுவரை 10,000க்கு மேற்பட்டோர் பல்கலைக்கழகம் சென்றிருக்கிறார்கள். நல்ல மதிப்பெண், நல்ல நடத்தை, குடும்பத்தின் வசதிக் குறைவு, பை சுமந்த அனுபவம் ஆகியவற்றைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். தோளில் சுமந்த பை அங்கே பிள்ளைகளுக்குப் பள்ளிப்படியாகவும் ஆயிற்று.

நேயர்களே, தொடக்கத்தில் கேட்ட இரண்டு கேள்விகளுக்கு இப்போது விடை சொல்லலாம். கேடியின் வேலை சுமப்பது மட்டுமன்று. அளப்பது, நினைவில் வைப்பது, நேரத்தில் உண்மை சொல்வது. கூலியோ, பிறர் அடிக்கும் பந்தைப் பொறுத்தது. திறமை நிறைய, காப்பு குறைவு.

நம் பிள்ளைகளில் பலர் இன்று தோட்டத்தை விட்டு நகரத்தில் உணவு கொண்டு சேர்க்கிறார்கள், வாடகை வண்டி ஓட்டுகிறார்கள், நாட்கூலிக்குப் போகிறார்கள். அவர்களில் பலரும் தாமே தமக்கு முதலாளிகள்தாம். ஆகவே வேலைக்குப் போகுமுன் சிலவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளச் சொல்லுங்கள். கூலி எதைக் கொண்டு கணக்காகிறது? வேலை இல்லாத நாளுக்கு என்ன? செலவு யாருடையது? அடிபட்டால் யார் பொறுப்பு? பேசியதை எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. சுயதொழில் செய்வோருக்காக 2017ஆம் ஆண்டு இயற்றிய சட்டத்தின்படி சொக்சோவில் பதிந்துகொள்ள வழியிருக்கிறது. ஊழியர் சேமநிதியிலும் தாமாகவே பணம் போட்டுவரலாம். அருகிலுள்ள அலுவலகத்தில் விசாரியுங்கள். விசாரிக்கக் கூச்சப்பட வேண்டாம்.

அடுத்த முறை தொலைக்காட்சியில் கோல்ப் போட்டியைக் காணும்போது, கோப்பையைத் தூக்கும் பெண்ணைப் பார்த்து மகிழுங்கள். அவருக்குச் சற்றுப் பின்னால் தோளில் பையோடு, வியர்வையைத் துடைத்துக்கொண்டு ஒருவர் நிற்பார். அவரையும் ஒரு கணம் பாருங்கள். அந்த வெற்றியின் கணக்கில் பாதி அவருடைய சிறு புத்தகத்தில் இருக்கிறது.