சிறார் திரைப்படங்களில் அழுகையும் பெருமிதமும்

1. முன்னுரை

துன்புறும் குழந்தையைக் கண்டு நெகிழாத உள்ளம் அரிது. அந்நெகிழ்ச்சியை முதலாகக் கொண்டு எழுந்த திரைப்படங்கள் பல மொழிகளிலும் உள. குடும்பத்தினர் அனைவரும் ஒருங்கிருந்து காணத்தக்கன என்று அவை போற்றப்படுகின்றன. எனினும் அவை யாவும் ஒரு தன்மையன அல்ல. சிலவற்றில் குழந்தை துன்பத்தைத் தாங்குகிறது. சிலவற்றில் அதனை எதிர்கொள்கிறது. முன்னதில் காண்போர் இரங்குவர்; பின்னதில் இரங்குதலோடு மதிக்கவும் செய்வர். இவ்வேறுபாடு எங்குப் பிறக்கிறது என்பதைத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியலைக் கருவியாகக் கொண்டு ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

செய்யுளுக்கு வகுத்த இலக்கணத்தைத் திரைப்படத்திற்கு அளவுகோலாக்குதல் பொருந்துமோ எனச் சிலர் ஐயுறலாம். மெய்ப்பாட்டியலின் முதல் நூற்பாவில் வரும் 'பண்ணை' என்னும் சொல்லை விளையாட்டாயம் எனக் கொண்ட பேராசிரியர், ஆடலும் பாடலும் கண்டு கேட்டு இன்புறும் அவையோடு அதனைத் தொடர்புபடுத்தினார். எனவே, காட்சிக் கலையும் அதனைக் காண்போர் உள்ளமும் இவ்வியலின் எல்லைக்குப் புறம்பானவை அல்ல. கலை புதிது, உள்ளம் பழையது.

2. இருவகை மெய்ப்பாடு

தொல்காப்பியர் கூறும் எண்வகை மெய்ப்பாடுகளுள் ஈண்டு வேண்டப்படுவன அழுகையும் பெருமிதமும் ஆகிய இரண்டே. இளிவு, இழவு, அசைவு, வறுமை என்னும் நான்கும் அழுகைக்கு நிலைக்களன்கள். பிறரால் இகழப்படுதல் இளிவு. உற்றாரையும் உடைமையையும் இழத்தல் இழவு. முன்னைய நிலையினின்று தளர்தல் அசைவு. நுகர்பொருள் இன்மை வறுமை. கல்வி, தறுகண், இசைமை, கொடை என்னும் நான்கும் பெருமிதத்திற்கு நிலைக்களன்கள்.

அழுகையைத் தானே அவலித்தல் என்றும், பிறர் அவலம் கண்டு அவலித்தல் என்றும் பேராசிரியர் இரண்டாகப் பகுப்பர். இப்பகுப்பு நம் ஆராய்ச்சிக்குத் திறவுகோல் போன்றது. திரையிலுள்ள குழந்தை தானே அவலிக்கும்போது, காண்போர் அதன் கண்ணீரைப் பின்பற்றிக் கண்ணீர் விடுவர். குழந்தை அவலிக்காமல் தன் வினையில் முனைந்து நிற்க, காண்போர் மட்டும் அவலிப்பாராயின், அவ்வவலத்தோடு பெருமிதமும் உடன் தோன்றும். இதனை நான்கு படங்களைக் கொண்டு நிறுவலாம்.

3. பெற்றோரை இணைக்கும் குழந்தை

ஏ.வி.எம். நிறுவனம் 1960இல் வெளியிட்ட 'களத்தூர் கண்ணம்மா', அ. பீம்சிங் இயக்கியது. ஆறு வயது நிரம்பாத கமலகாசன் இதில் அறிமுகமானார். பெற்றோர் உயிரோடிருக்கவும், அவர்களை அறியாது அனாதை விடுதியில் வளரும் சிறுவனின் நிலையே இப்படத்தின் உயிர். காண்போர் உண்மையை அறிவர், சிறுவன் அறியான். இவ்வறிவு வேற்றுமையே கண்ணீருக்கு ஊற்றாகிறது. துன்பம் தோன்றியது பெரியோர் வஞ்சத்தால். தீர்வதும் பெரியோர் உண்மை உணர்வதால். இடையில் சிறுவன் செய்யத்தக்கது சிறிதே.

அந்நிறுவனமே 1965இல் வெளியிட்ட 'குழந்தையும் தெய்வமும்' கிருஷ்ணன்–பஞ்சு இயக்கிய படம். செர்மானிய எழுத்தாளர் எரிக் கெசுட்னர் 1949இல் வெளியிட்ட புதினம் 1961இல் அமெரிக்கப் படமாகிப் பின் இவ்வுருப் பெற்றது. பிரிந்து வாழும் பெற்றோரின் இரட்டைப் பெண்மக்கள் இடம் மாறி அவர்களை ஒன்றுசேர்க்கின்றனர். குட்டி பத்மினி இரு வேடமும் ஏற்றார். களத்தூர்ச் சிறுவனினும் இச்சிறுமியர் செயல் மிக்கவர் என்பது உண்மை. ஆயினும் அச்செயலின் பயன் பெற்றோரின் இணைவே. குழந்தைக்கெனத் தனியே ஒரு வேட்கை இங்கு இல்லை.

இவ்விரு படங்களிலும் அழுகையின் நிலைக்களன் இழவு. இழந்த பெற்றோரைப் பெற்றவுடன் கதை நிறைவுறுகிறது. இவற்றைக் குறை கூறுதல் நம் கருத்தன்று. குடும்பம் சிதையலாகாது என்னும் கவலையைக் குழந்தையின் முகத்தில் எழுதிக் காட்டிய படங்கள் இவை. குழந்தை இவற்றில் கதையின் பாலம், பயணி அன்று.

4. ஓர் இணைக் காலணி

பாரசீக மொழியில் மஜீது மஜீதி இயக்கிய 'வானுலகின் குழந்தைகள்' (1997) என்னும் படம், 1999இல் நடந்த ஆசுக்கர் விருது விழாவில் பிறமொழிப் படப் பிரிவில் போட்டிக்குரிய படங்களுள் ஒன்றாயிற்று. இதன் கதை மிகச் சிறிது. தெகரான் நகரின் ஏழைச் சிறுவன் அலி, தங்கை சாராவின் காலணியைச் செப்பனிட்டுக் கொண்டு வரும் வழியில் தொலைத்துவிடுகிறான். வாடகை கொடுக்க இயலாத தந்தையிடமும் நோயுற்ற தாயிடமும் இதனைக் கூற அஞ்சி, அண்ணனும் தங்கையும் ஓர் இணைக் காலணியை மாற்றி மாற்றி அணிந்து பள்ளி செல்கின்றனர். தங்கைக்குப் பள்ளி காலையில். அண்ணனுக்கு அதன் பின்னர். அவள் ஓடி வந்து கழற்றிக் கொடுக்க, அவன் அணிந்துகொண்டு ஓடுகிறான். ஓடியும் காலந்தாழ்த்தே பள்ளியை அடைகிறான்.

இங்கு வறுமையும் உண்டு, இழவும் உண்டு, பள்ளியில் கண்டிக்கப்படும் இளிவும் உண்டு. அழுகைக்குரிய நிலைக்களன்கள் இவ்வளவு நிறைந்திருந்தும் படம் அழுகையில் அடங்கிவிடவில்லை. ஏனெனில், பெருமிதத்தின் நான்கு நிலைக்களன்களும் இதன்கண் அமைந்துள்ளன.

நன்கு பயின்றமைக்காக ஆசிரியரிடம் பெற்ற எழுதுகோலை அலி தங்கைக்கு ஈகிறான். இது கல்வியின்பாற் படும். பள்ளிவாசலுக்கு உரிய சருக்கரையை வீட்டில் உடைத்துக் கொண்டிருக்கும் தந்தை, அதில் ஒரு துணுக்கையும் தம் தேநீருக்கு எடுத்துக்கொள்ளாமல் வீட்டுச் சருக்கரையைக் கேட்கிறார். பழியொடு வருவன செய்யாமையே இசைமை என்னும் கருத்துக்கு இதனினும் நுட்பமான காட்சி காண்டல் அரிது.

கொடை தோன்றும் இடம் இன்னும் சிறந்தது. தன் காலணி மற்றொரு சிறுமியின் காலில் இருத்தலைச் சாரா பள்ளியில் காண்கிறாள். அண்ணனும் தங்கையும் அவள் வீடுவரை பின்தொடர்கின்றனர். அச்சிறுமியின் தந்தை கண்ணிழந்தவர் என்பதை மறைந்து நின்று கண்டதும் ஒருவரையொருவர் நோக்கி, ஒன்றும் பேசாது திரும்புகின்றனர். உடையவர் ஈதல் கொடை. தமக்கு இன்றியமையாத பொருளைக் கேளாமலே விட்டுச் செல்லுதல் அதனினும் பெரிய கொடை. அதனைச் செய்தவர் தம் செயலுக்குப் பெயர் அறியாச் சிறுவர்.

இறுதியில் வருவது தறுகண். ஓட்டப்பந்தயத்தில் மூன்றாம் பரிசு காலணி என்றறிந்து அலி ஓடுகிறான். மூன்றாவதாக வருதலே அவன் விருப்பம். ஆனால், முதலாவதாக வந்து விடுகிறான். ஊர் அவனைப் பாராட்டுகிறது. அவனோ கலங்கி நிற்கிறான். உலகம் வெற்றி எனக் கொள்வதும் குழந்தை வெற்றி எனக் கொள்வதும் வேறு வேறு என்பதை இம்முடிவு உணர்த்துகிறது. தந்தை வாங்கிய புதுக் காலணி அவர் மிதிவண்டியில் இருப்பதைக் காண்போர் அறிவர். புண்பட்ட கால்களை நீர்த்தொட்டியில் இட்டிருக்கும் அலி அறியான்.

5. காக்கா முட்டை

தமிழில் பாண்டிராசின் 'பசங்க' (2009), சிறுவர் பகையையும் நட்பையும் அவர்தம் உலகினின்றே காட்டி வழி திறந்தது. அவ்வழியில் மேற்சென்றது ம. மணிகண்டன் இயக்கிய 'காக்கா முட்டை'. 2014இல் தொரண்டோ திரைப்பட விழாவில் காட்டப்பெற்று 2015இல் வெளிவந்த இப்படம், 2014ஆம் ஆண்டின் சிறந்த சிறார் படத்திற்கான தேசிய விருதையும் பெற்றது.

தந்தை சிறையில் இருக்க, சென்னைக் குடிசைப் பகுதியில் தாயோடும் பாட்டியோடும் வாழும் உடன்பிறந்தார் இருவர். காக்கை முட்டையை எடுத்து உண்பதால் அதுவே அவர்க்குப் பெயராயிற்று. அவர்கள் விளையாடிய இடத்தில், காக்கைக் கூடிருந்த மரத்தை வெட்டிவிட்டு, பீட்சா விற்கும் கடை எழுகிறது. அவ்வுணவை உண்ண வேண்டும் என்பதே இருவர் வேட்கை. இருப்புப்பாதை ஓரம் சிந்திய கரியைப் பொறுக்கி விற்று ஏறத்தாழ முந்நூறு ரூபாய் சேர்க்கின்றனர். வாயிற்காவலர் உள்ளே விடவில்லை. புத்தாடை அணிந்தால் விடுவர் எனக் கருதி, அதனையும் முயன்று பெற்று மீண்டும் செல்கின்றனர். அப்போது மூத்தவன் கன்னத்தில் அறை விழுகிறது.

கரி பொறுக்கும் காட்சிகளில் வறுமை உண்டு. ஆனால் அழுகை இல்லை. நகையும் உவகையுமே மிகுகின்றன. அறை விழும் காட்சியிலேயே காண்போர் நெஞ்சு கலங்குகிறது. வறுமையினும் இளிவே கொடிது என்பதை இயக்குநர் இவ்வாறு பிரித்துக் காட்டினார். பணமும் ஆடையும் வந்த பின்னரும் வாயில் திறவாமையால், தடை பொருளின்மை அன்று, பிறப்பிடமே என்பது வெளிப்படுகிறது.

பெருமிதம் தோன்றும் இடம் மற்றொன்று. செல்வச் சிறுவன் தான் உண்டு எஞ்சிய பீட்சாவைத் தர முன்வருகிறான். இளையவன் மனம் அதனை நாடுகிறது. மூத்தவன் மறுத்து அவனை அழைத்துச் செல்கிறான். விரும்பிய பொருள் கைக்கு எட்டியும் இழிவொடு வருதலின் கொள்ளாமை இசைமையின்பாற் படும். முடிவில், ஊர் அறிந்துவிட்ட பழிக்கு அஞ்சிய கடை உரிமையாளர் அவர்களைச் சிறப்போடு வரவேற்று உண்ணச் செய்கிறார். உண்ட இருவரும், இறந்துபோன பாட்டி சுட்டுத் தந்த தோசையே மேல் எனத் தமக்குள் தீர்ப்பு வழங்குகின்றனர். கதவு திறந்தது பெரியோர் அச்சத்தால். மதிப்பிட்டது சிறுவர் நாவு.

6. முடிவுரை

மேற்கூறியவற்றால் பெறப்படுவன மூன்று. முதலாவது, குழந்தையின் துன்பம் அழுகையை மட்டும் பிறப்பிக்கும் படங்களில் அதன் நிலைக்களன் பெரும்பாலும் இழவாகவும், தீர்வு பெரியோர் கையதாகவும் அமைகிறது. இரண்டாவது, குழந்தைக்குத் தன் வேட்கையும், அதனை அடையும் முயற்சியும், அதனைத் துறக்கும் உரிமையும் அமையுமிடத்தே பெருமிதம் தோன்றுகிறது. மூன்றாவது, அவ்வுரிமையே தலையாயது. அலி காலணியைக் கேளாது திரும்பியதும், மூத்த காக்கா முட்டை எஞ்சிய உணவை மறுத்ததும் ஒரே பண்பின் இரு வடிவங்கள்.

துன்பத்தை வெல்லுதல் என்பதற்கு வேண்டியதைப் பெறுதல் என்றே பொதுவாகப் பொருள் கொள்கிறோம். அலி வேண்டிய பரிசைப் பெறவில்லை. உடன்பிறந்தார் பெற்றதைப் பெரிதாக மதிக்கவில்லை. ஆயினும் அவர்கள் தோற்றனர் என்று கூற நம் உள்ளம் இசையவில்லை. இசையாமைக்குக் காரணம் பெருமிதம். குழந்தையை இரக்கத்திற்குரிய பொருளாக மட்டும் காட்டும் கலை அதன் கண்ணீரைத் துடைக்கலாம். மதிப்பிற்குரிய உயிராகக் காட்டும் கலையோ அதனை நிமிர்ந்து நிற்கச் செய்கிறது. சிறார் இலக்கியத்தையும் சிறார் திரைப்படத்தையும் ஆராயப் புகும் மாணவர் இவ்வேறுபாட்டை உளங்கொள்ளுதல் நலம்.