கழுத்தைப் பிடித்தாரா என்று கேளுங்கள்

2020 நவம்பரில், மும்பைக்கு வடக்கே நாலாசோபாராவில் உள்ள துளிஞ்ச் காவல் நிலையத்தில் ஓர் இளம்பெண் புகார் எழுதிக் கொடுத்தார். உடன் வாழ்பவர் அடிக்கிறார், மூச்சை அடைத்துக் கொல்லப் பார்த்தார், துண்டு துண்டாக வெட்டிப் போட்டுவிடுவேன் என்று மிரட்டுகிறார் என்பதுதான் சாரம். பிறகு அந்தப் பெண்ணே சமாதானமாகிவிட்டதாக எழுதிக் கொடுக்க, விசாரணை அத்துடன் நின்றது. 2022 மே மாதம் டெல்லியில் அவர் கொல்லப்பட்டார். உடல் துண்டு துண்டாகக் கண்டெடுக்கப்பட்டது. உடன் வாழ்ந்தவர் மீதான வழக்கு நீதிமன்றத்தில் இருக்கிறது.

அந்தப் புகார்க் கடிதம் ஊடகங்களில் வெளியானபோது நாடே போலீசைத் திட்டியது. திட்ட வேண்டியதுதான். ஆனால் அதே தாளை வேறு விதமாகப் படிக்கப் பயின்றவர்களும் இருக்கிறார்கள். மூச்சை அடைத்தது, கொல்வேன் என்று வாய்விட்டுச் சொன்னது, புகார் கொடுத்துவிட்டு அதே வீட்டுக்குத் திரும்பியது என்று மூன்றையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால், அவர்கள் அன்றே சிவப்பு மையில் கோடிட்டிருப்பார்கள். அவர்களுடைய தொழிலின் பெயர் அச்சுறுத்தல் மதிப்பீடு. வன்முறை நடந்த பிறகு ஆளைப் பிடிப்பது போலீசின் வேலை. நடக்கும் முன்பே அதன் தடத்தைப் பார்த்துக் குறுக்கே நிற்பது இவர்களுடைய வேலை.

தனித் துறையாக இது வளர்ந்தது அமெரிக்காவில். 1989இல் ஓர் இளம் நடிகையை, அவரைப் பல காலம் பின்தொடர்ந்த ரசிகர் சுட்டுக் கொன்றார். அதையடுத்து லாஸ் ஏஞ்சலிஸ் போலீஸ் 1990இல் இதற்கென ஒரு பிரிவைத் தொடங்கியது. 1992இல் இந்தத் தொழிலில் இருப்பவர்கள் ஒரு சங்கமே அமைத்துக்கொண்டார்கள். அமெரிக்க அதிபரின் மெய்க்காவல் படையைச் சேர்ந்த ஆய்வாளர்கள் பிரமுகர்களைத் தாக்கிய, தாக்க நெருங்கிய 83 பேரின் வரலாற்றைத் தோண்டி 1999இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தாக்கப்போகும் ஆளுக்கே நேரடியாக மிரட்டல் விடுத்தவர்கள் அந்த 83 பேரில் மிகச் சிலர். பலர் தங்கள் எண்ணத்தை அண்ணனிடம், நண்பனிடம், கூட வேலை செய்பவரிடம் கசியவிட்டிருந்தார்கள். குரைக்கிற நாய் கடிக்காது என்று நம் பாட்டிமார் சொன்னது பிரமுகர்கள் விஷயத்தில் ஏறக்குறைய சரி.

வீட்டுக்குள் வந்தால் அந்தப் பழமொழி ஆளைக் கொன்றுவிடும். கணவனோ காதலனோ கொன்னுடுவேன் என்று சொன்னால் அதைச் சொன்னபடியே எடுத்துக்கொள்ள வேண்டும். இதை ஆதாரத்தோடு காட்டியவர் ஜாக்குலின் கேம்பல் என்ற செவிலியர். பின்னாளில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். அடிபட்டு வரும் பெண்களில் யாருக்கு உயிராபத்து என்று கணிக்க அவர் 1985இல் ஒரு கேள்வித்தாள் தயாரித்தார். அவர் குழு 11 நகரங்களில் நடத்திய ஆய்வு 2003இல் வெளிவந்தது. துணைவரால் கொல்லப்பட்ட 220 பெண்களின் கடைசி மாதங்களை, அடிபட்டும் உயிரோடிருக்கும் 343 பெண்களின் வாழ்க்கையோடு ஒப்பிட்டார்கள். அடி எத்தனை முறை விழுந்தது என்பது மட்டும் இரு தரப்பையும் பிரித்துக் காட்டவில்லை. கைக்கெட்டும் தூரத்தில் ஆயுதம், கொலை மிரட்டல், நின்றால் உட்கார்ந்தால் கணக்குக் கேட்கும் கட்டுப்பாடு, அப்படிப்பட்ட ஆளைவிட்டுப் பெண் விலகிப்போன தருணம் ஆகியவைதான் பிரித்துக் காட்டின. இன்னொன்றும் தெரிந்தது. கொல்லப்பட்ட பெண்களில் ஏறத்தாழ பாதிப் பேர், அந்த ஆள் தன்னைக் கொல்வார் என்று நினைத்திருக்கவில்லை. எனவே, எனக்குப் பயமாயிருக்கிறது என்று ஒரு பெண் சொன்னால் அப்படியே நம்ப வேண்டும். பயமில்லை என்று சொன்னால் மட்டும் நிம்மதியாகிவிடக் கூடாது.

கேம்பலின் தாளில் எனக்குப் பிடித்த பகுதி கேள்விகளுக்கு முன்னால் வரும் நாட்காட்டி. கடந்த ஒரு வருடத்து நாட்காட்டியைப் பெண்ணின் கையில் கொடுத்து, எந்தெந்த நாளில் என்ன நடந்தது, எவ்வளவு கடுமையாக நடந்தது என்று குறிக்கச் சொல்கிறார்கள். சும்மா கேட்டால், எப்பவும் போலத்தான் என்பார்கள். கணபதிக்கு முன்னாடி, பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் திறந்த வாரம், தீபாவளி போனஸ் வந்த ராத்திரி என்று ஒவ்வொன்றாகக் குறித்து முடித்த பிறகு, மூன்று மாதத்துக்கு ஒன்று என்றிருந்தது மாதத்துக்கு ஒன்றாகி, இப்போது வாரத்துக்கு ஒன்றானது அவர்கள் கண்ணுக்கே தெரியும். அந்தத் தாள் சொல்வதை அதற்குப் பிறகு யாரும் அவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

அப்படியானால் கொலையை முன்கூட்டியே சொல்லிவிட முடியுமா? முடியாது. 1966இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றின் விளைவாக, ஆபத்தானவர்கள் என்று மருத்துவர்கள் முத்திரை குத்திப் பூட்டிவைத்திருந்த 960க்கும் மேற்பட்டவர்கள் சாதாரண மனநல மருத்துவமனைகளுக்கு மாற்றப்பட்டார்கள். அடுத்த சில ஆண்டுகளில் அவர்களில் மிகச் சிலரே வன்முறையில் இறங்கினார்கள். இவர் வன்முறையில் இறங்குவார் என்று மனநல மருத்துவர்கள் சொன்னால், மூன்றில் ஒரு தடவைக்கு மேல் பலிப்பதில்லை என்று 1981இல் உளவியலாளர் ஜான் மோனஹன் எழுதினார்.

காரணம் எளிய கணக்கு. பத்தாயிரம் வீடுகளில் பத்து வீடுகளில்தான் உயிர் போகும் ஆபத்து என்று வைத்துக்கொள்வோம். நம்மிடம் உள்ள கேள்வித்தாள் 90 சதவீதம் துல்லியமானது என்றும் வைப்போம். பத்தில் ஒன்பது வீட்டை அது பிடித்துவிடும். மீதி 9,990 வீடுகளிலும் பத்தில் ஒன்றைத் தவறாகக் காட்டும். அது 999 வீடு. ஆக ஆபத்து என்று கொடி காட்டிய 1,008 வீடுகளில் உண்மையான ஆபத்து ஒன்பதே வீட்டில். இதை வைத்து ஆண்களைச் சிறையில் தள்ளினால் மகா அநியாயம். ஆனால் கொடி காட்டிய வீட்டில் ஓர் அக்கா போய்க் கதவைத் தட்டி, எப்படிம்மா இருக்க என்று கேட்டு, ஒரு ஃபோன் நம்பரைக் கொடுத்துவிட்டு வந்தால்? 999 வீட்டிலும் நஷ்டம் ஒரு டீ. இந்தத் துறையின் நியாயமே இதில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. ஆகவேதான் இன்றைக்கு இத்தொழிலில் இருப்பவர்கள் ஆரூடம் சொல்வதை விட்டுவிட்டு, இந்த வாரம் இந்த வீட்டில் எது ஆபத்தைக் கூட்டுகிறது, எதைச் செய்தால் குறையும் என்று கேட்கிறார்கள்.

மும்பையில் இந்த வேலை வேறு பெயர்களில் நெடுங்காலமாக நடக்கிறது. 1984இல் டாட்டா சமூக அறிவியல் நிறுவனம், செம்பூரை ஒட்டித் தேவ்நாரில் இருக்கும் அதே டிஸ், மும்பை போலீஸ் கமிஷனர் அலுவலக வளாகத்திலேயே பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான சிறப்புப் பிரிவைத் தொடங்கியது. சமூகப் பணியாளரின் மேசை போலீசின் கூரைக்குக் கீழேயே போடப்பட்டது. மும்பையில் ஸ்டேஷனுக்குப் போன பெண்களுக்கு என்சி என்ற இரண்டெழுத்து தெரியும். வாரண்ட் இல்லாமல் கைது செய்ய முடியாத குற்றம் என்று பதிவேட்டில் ஒரு வரி எழுதி, ஒரு நம்பர் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். ஒரே பெண்ணின் பெயரில் நான்கு என்சி இருந்தால், போலீசுக்கு அது நான்கு சில்லறைச் சண்டை. பக்கத்து மேசையில் இருப்பவருக்கு அது ஏறிக்கொண்டே போகும் ஒரு கோடு.

போலீசுக்கே போகாதவர்கள்தான் மிக அதிகம். தேசியக் குடும்பநல ஆய்வின் (2019-21) கணக்குப்படி, திருமணமான பெண்களில் கணவரின் வன்முறைக்கு ஆளானவர்கள் மகாராஷ்டிரத்தில் 25 சதவீதம், தமிழ்நாட்டில் 38 சதவீதம். அடிபட்டவர்களில் எவரிடமாவது உதவி கேட்டவர்கள் நாடு முழுவதும் 14 சதவீதம்தான். ஆனால் ஆஸ்பத்திரிக்கு எப்படியும் வந்துதானே தீர வேண்டும்? படியில் விழுந்தேன், ஸ்டவ் வெடித்துவிட்டது என்று சொல்லிக்கொண்டு வருவார்கள். அந்த இடத்திலேயே பிடிக்கத்தான் செஹத் அமைப்பும் மும்பை மாநகராட்சியும் சேர்ந்து 2000இல் பாந்திரா பாபா மருத்துவமனையில் திலாசா மையத்தைத் தொடங்கின. படியில் விழுந்தவருக்கு முழங்கையின் உள்பக்கம் எப்படிக் கன்றிப்போகும் என்று கேட்க அங்கே செவிலியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள்.

தாராவிக்கு வருவோம். அதை ஒட்டியுள்ள சயான் மருத்துவமனையில் பச்சிளம் குழந்தை மருத்துவராக இருந்து, 1989இல் ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கியை அங்கே நிறுவியவர் டாக்டர் அர்மிடா பெர்னாண்டஸ். எடை குறைந்த குழந்தைகளைக் காப்பாற்றி அனுப்பினால் போதாது, அந்தத் தாய் எந்த வீட்டுக்குத் திரும்பிப் போகிறாள் என்று பார்க்க வேண்டும் என்ற எண்ணத்தில் அவர் 1999இல் தொடங்கிய அமைப்பு ஸ்நேஹா. பெண்கள் மீதான வன்முறையைத் தடுக்கும் பிரிவை நய்ரீன் தாருவாலா வளர்த்தார். அதன் முதுகெலும்பு அலுவலகத்தில் இல்லை. சங்கினிகள் என்று அழைக்கப்படும், அதே சந்தில் குடியிருக்கும் பெண்கள்தான் அது. 2010களில் அவர்கள் கையில் ஸ்மார்ட்போன் கொடுத்து, கண்ணில் படும் சம்பவத்தை உடனே பதிந்து கவுன்சலருக்கு அனுப்பவும் வழி செய்தார்கள்.

தாராவியில் இது வேலை செய்யக் காரணம் சுவர்கள். பத்துக்குப் பத்து அறை, தகரமோ ஒற்றைச் செங்கலோ நடுவே. பக்கத்து வீட்டு டிவியில் என்ன சீரியல் என்பதே தெரியும்போது, பாத்திரம் தரையில் விழுந்ததா சுவரில் விழுந்ததா என்பதும் தெரியும். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய 90 அடி சாலைத் தமிழ்க் குடும்பங்களில் ஒரு பெண் ஹிந்தியிலும் மராத்தியிலும் ஸ்டேஷனில் புகார் சொல்லத் தடுமாறலாம். குழாயடியில் நிற்கும் அக்காவிடம் சொல்வதற்கு மொழி ஒரு தடையில்லை. மாட்டுங்கா, செம்பூர் பிளாட்டுகளின் கனத்த சுவர்களுக்குள் நடப்பது வாட்ச்மேனுக்குக்கூடத் தெரியாது. நடுத்தர வர்க்கம் தாராவியைப் பார்த்துப் பரிதாபப்படும்போது இதையும் நினைத்துப் பார்க்கலாம்.

அந்தக் குழாயடிப் பேச்சு பெரும்பாலும் இப்படிப் போகும்:

"கழுத்தப் பிடிச்சாராம்மா?"

"கோவத்துல ஒருக்க பிடிச்சாருக்கா. லேசாத்தான். அதெல்லாம் ஒண்ணுமில்ல."

"அப்புறம் எச்சில் முழுங்கயில வலிச்சுதா? தொண்ட கம்முச்சா? கண்ணு இருட்டுச்சா? உனக்குத் தெரியாமலே ஒண்ணுக்குப் போயிருச்சா?"

கடைசிக் கேள்விக்கு அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டால், கேட்டவர் அன்று வீட்டுக்குப் போக மாட்டார். அவள் நினைவிழந்திருக்கிறாள் என்பதன் அடையாளம் அது. கழுத்து ரத்தக்குழாய்களில் சிரையை அடைக்க ஏறத்தாழ இரண்டு கிலோ அழுத்தம் போதும், தமனிக்கு ஐந்து கிலோ. பத்து வினாடிகளில் நினைவு போய்விடும். சான் டியேகோவில் கழுத்து நெரிப்பு வழக்குகள் 300ஐ ஆராய்ந்து 2001இல் வெளியிட்டார்கள். பாதி வழக்குகளில் வெளியே ஒரு தடமும் இல்லை. கன்னத்தில் விழுந்த அறை சிவந்து தெரியும், போலீஸ்காரர் எழுதிக்கொள்வார். சாவின் வாசல்வரை கொண்டுபோன பிடி ஒன்றையும் காட்டாது. தமனியின் உள்சுவர் கிழிந்து, நாட்கள் கழித்துப் பக்கவாதம் வருவதும் உண்டு. ஒருமுறை கழுத்தை நெரித்த துணைவரின் கையால் பிற்பாடு கொல்லப்படும் வாய்ப்பு ஏழு மடங்குக்கு மேல் என்று 2008இல் நான்சி கிளாஸ் குழுவினர் எழுதினார்கள். அமெரிக்கக் கணக்குதான். கேம்பலின் தாளில் உள்ள துப்பாக்கி பற்றிய கேள்வி தாராவிக்கு அவ்வளவாகப் பொருந்தாது, அந்த இடத்தில் மண்ணெண்ணெயைப் பற்றிக் கேட்க வேண்டியிருக்கும். கழுத்து எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

ஆபத்து என்று தெரிந்தால் என்ன செய்வது? விட்டுட்டு வந்துடு என்பதுதான் எல்லோர் வாயிலும் முதலில் வரும். பயின்றவர்கள் அதை அவசரப்பட்டுச் சொல்வதில்லை. விலகும் நாட்கள்தான் மிக ஆபத்தானவை என்பது கேம்பலின் ஆய்வில் பார்த்ததே. ஆகவே முதலில் ஏற்பாடு. ஆதார், ரேஷன் கார்டு, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் நகல்களை வேறொரு வீட்டில் கொடுத்துவைப்பது. சண்டை மூண்டால் கத்தியும் ஸ்டவ்வும் இருக்கும் மூலையை விட்டு வாசல் பக்கம் வந்துவிடுவது. பக்கத்து வீட்டாரோடு ஒரு சைகை பேசி வைப்பது. கவுன்சலர் ஆணையும் தனியே கூப்பிட்டுப் பேசுவார். வேலை போனதா, குடி கூடியதா, தற்கொலைப் பேச்சு இருக்கிறதா என்று பார்ப்பார். தானும் சாகத் துணிந்துவிட்ட ஆள் அடுத்தவரைக் கொல்லத் தயங்க மாட்டார் என்பதால் அந்தக் கேள்விக்குத் தனி இடம்.

நம் சட்டத்திலும் இதற்கென்று ஒரு தாள் இருக்கிறது என்றால் பலர் நம்ப மாட்டார்கள். குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2006 அக்டோபர் 26 அன்று நடைமுறைக்கு வந்தபோதே, விதிகளில் ஐந்தாம் படிவமாகப் பாதுகாப்புத் திட்டம் சேர்க்கப்பட்டது. நடந்தது மறுபடி நடக்குமா, இன்னும் கடுமையாகுமா என்ற அந்தப் பெண்ணின் அச்சத்தை எழுத அதில் ஒரு பத்தியே உண்டு. அதை நிரப்ப வேண்டியவர் பாதுகாப்பு அலுவலர். பல மாநிலங்களில் ஏற்கெனவே நான்கு வேலை பார்க்கும் அதிகாரிக்குக் கூடுதல் பொறுப்பாக அந்தப் பதவி கட்டிவிடப்பட்டிருக்கிறது. படிவம் நல்ல படிவம். நிரப்பத்தான் ஆளில்லை.

ஆளை நியமித்தால் என்ன ஆகும் என்பதற்கு மும்பைக்கு அருகிலேயே, வேறொரு வகை வன்முறையில், சான்று உண்டு. 1970இலும் 1984இலும் மதக் கலவரத்தில் எரிந்த பிவண்டிக்கு 1988இல் துணைக் கமிஷனராக வந்த சுரேஷ் கோபடே, பேட்டைதோறும் இரு மதத்தாரையும் அந்தப் பகுதிக் காவலரையும் ஒன்றாக உட்காரவைத்து மொஹல்லா கமிட்டிகளை அமைத்தார். வதந்தி கிளம்பினால் யாரிடம் கேட்பது என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. 1992-93இல் மும்பை எரிந்தது, தாராவியும் எரிந்தது. பிவண்டி எரியவில்லை.

உங்கள் பக்கத்து வீட்டிலோ சொந்தத்திலோ இப்படி ஒரு பெண் இருந்தால், வீட்டார் இல்லாத நேரம் பார்த்துத் தனியாகக் கேளுங்கள். அடிக்கிறாரா என்று கேட்டால் இல்லை என்றுதான் வரும். கழுத்தைப் பிடித்தாரா, கொன்னுடுவேன் என்றாரா, முன்னைவிட இப்போது அடிக்கடி நடக்கிறதா என்று கேளுங்கள். கழுத்தைப் பிடித்திருந்தால் தடம் இல்லாவிட்டாலும் அன்றே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள், கழுத்தை நெரித்ததாகச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். பெண்களுக்கான உதவி எண் 181. அந்த நிமிடமே ஆபத்து என்றால் 112.